தர்ம வீட்டின் சாவி யார் கையில்?



பள்ளிவாசல் கட்ட உதவி கேட்டால் நம் மக்கள் தயங்குவதில்லை. ரமளான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி கேட்டால், மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. ஆனால், கணவரை இழந்து பிள்ளைகளின் ஆதரவும் இல்லாத ஒரு மூதாட்டி தலை சாய்க்க ஓர் அறை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கொடுக்கும் கை சற்றே பின்வாங்கும். இரக்கம் இல்லாமையால் அன்று, “இடத்தைக் கொடுத்துவிட்டால் அதை யார் பார்த்துக்கொள்வது? எனக்குப் பின் யார் பொறுப்பு?” என்ற ஐயமே அந்தக் கையைத் தடுத்துவிடுகிறது.

அந்த ஐயம் நியாயமானதே. கஞ்சி அன்றைக்கே தீர்ந்துவிடும். அதற்குக் கணக்கும் அன்றைக்கே முடிந்துவிடும். வீடு அப்படியன்று. கட்டியவர் மறைந்த பின்னும் அது நிற்க வேண்டும். அவரை அறியாத தலைமுறையினர் அதைக் காக்க வேண்டும். ஊதியம் ஏதும் பெறாத சில மனிதர்கள், தங்களுக்கு உறவில்லாத சில ஏழைகளுக்காக, தங்களுடையதல்லாத ஒரு சொத்தைப் பாதுகாக்க வேண்டும். இது எப்படி நடக்கும்?

மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் அமைந்த விளாங்குடி, 2011ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. நகரம் விரியும் இத்தகைய ஊர்களில் மனைக்கு மதிப்புக் கூடுகிறது. மனைக்கு மதிப்புக் கூடும் இடத்தில், தர்மச் சொத்துக்கு ஆபத்தும் கூடுகிறது. எனவே, இத்தகைய ஊர்களில் வாழும் ஜமாஅத்தார் இக்கேள்வியை இன்றே சிந்திப்பது நலம். ‘நல்லவர்கள் பொறுப்பில் இருந்தால் போதும்’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது போதாது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு.

ஓர் ஆங்கில நாட்டுப் படிப்பினை

இங்கிலாந்தில் ஏழை முதியோர் தங்குவதற்கென அறவோர் கட்டி வைத்த சிறு குடியிருப்புகளுக்கு ‘ஆம்ஸ்ஹவுஸ்’ என்று பெயர். ‘தர்ம வீடு’ என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம். ஓராயிரம் ஆண்டுகளாக அந்நாட்டில் இந்த வழக்கம் இருந்து வருகிறது. அவற்றுள் புகழ்பெற்றது, வின்செஸ்டர் நகரில் உள்ள புனித சிலுவை இல்லம். ஏறத்தாழ 1136ஆம் ஆண்டளவில் ஹென்றி டி புளுவா என்னும் பேராயர் இதனை நிறுவினார். வறியவர் பதின்மூன்று பேர் அங்கே தங்கியிருக்க வேண்டும். நாள்தோறும் மேலும் நூறு ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக விளைநிலங்களும் வருமானங்களும் எழுதி வைக்கப்பட்டன.

நிறுவியவரின் எண்ணம் தூயது, வருமானமும் தாராளமானது. பின் எங்கே பிழை நேர்ந்தது? இல்லத்தின் பொறுப்பு முழுவதும் ‘தலைவர்’ என்ற ஒரே மனிதரிடம் இருந்தது. 1696ஆம் ஆண்டு, அப்போதைய தலைவரும் அங்கே தங்கியிருந்தவர்களும் சேர்ந்து ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். மூல ஆவணங்கள் தொலைந்து போயின, ஆகவே இனி வழக்கத்தில் உள்ளபடி நடப்போம் என்பது அதன் சாரம். அந்த ‘வழக்கம்’, பெரும் பங்கைத் தலைவருக்கும் சிறு பங்கை ஏழைகளுக்கும் ஒதுக்குவதாக அமைந்தது.

1808ஆம் ஆண்டு, வின்செஸ்டரின் பேராயர் தம் சொந்த மகனையே அவ்வில்லத்தின் தலைவராக நியமித்தார். பிற்காலத்தில் கில்ஃபோர்டு பிரபு ஆன பிரான்சிஸ் நார்த் என்பவரே அவர். இல்லத்தின் நிலங்கள் குறைந்த ஆண்டு வாடகைக்கு நீண்டகாலக் குத்தகையாக விடப்பட்டன. குத்தகையைப் புதுப்பிக்கும் போதெல்லாம் ஒரு பெருந்தொகை முன்பணமாகக் கைமாறியது. வாடகை ஏழைகளுக்கு, முன்பணம் தலைவருக்கு! நம் ஊர்க் கடைத்தெருக்களில் ‘பகடி’ என்று சொல்லப்படும் தொகையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டப்படி கொடுக்கும் வாடகை சில நூறு. மறைவில் கைமாறுவது பல இலட்சம். நாடுகள் வேறு, நூற்றாண்டுகள் வேறு. மனிதனின் பலவீனம் ஒன்றே.

இறுதியில் வழக்கு நீதிமன்றம் சென்றது. 1853இல் வந்த தீர்ப்பு, இல்லத்தின் வருமானம் தர்மத்துக்கே உரியது என்று நிலைநாட்டியது. பிறகு புதிய நிர்வாகத் திட்டம் வகுக்கப்பட்டு, இல்லம் அறங்காவலர் குழுவின் பொறுப்பில் வந்தது. ஆனால், வழக்குத் தொடங்குமுன் கைமாறிப்போன பெருந்தொகைகள் திரும்பி வரவில்லை. அதே 1853ஆம் ஆண்டில்தான், தர்ம நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிரந்தர ஆணையத்தையும் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தியது. புனித சிலுவை இல்லம் இன்றும் இயங்குகிறது. முதியவர்கள் அங்கே வாழ்கிறார்கள்.

இக்கதையில் மூன்று குறைகளைக் கவனியுங்கள். ஆவணம் காணாமல் போனது. அதிகாரம் ஒருவரிடமே குவிந்தது. நியமித்தவரும் நியமிக்கப்பட்டவரும் தந்தையும் மகனுமாக இருந்தனர். இம்மூன்றில் ஒன்றேனும் தடுக்கப்பட்டிருந்தால், ஏழைகளின் பங்கு அவ்வளவு காலம் பறிபோயிருக்காது.

ஊதியமில்லாப் பொறுப்பாளர்கள்

இன்று பிரிட்டனில் ஏறத்தாழ 1,600 தர்ம வீட்டு அறக்கட்டளைகள் உள்ளன. 35,000க்கும் மேற்பட்டோர் அவற்றில் வாழ்கின்றனர். பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஐந்தாறு வீடுகள் ஒரு வரிசையாக நிற்கும், அவ்வளவே. இவற்றை நடத்துவோர் செல்வந்தர்களோ அரசு அதிகாரிகளோ அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்கர், கட்டடம் அறிந்தவர், செவிலியாகப் பணியாற்றியவர் போன்ற உள்ளூர் மக்களே அறங்காவலர்களாக அமர்கிறார்கள். பொதுவாக அவர்களுக்கு ஊதியம் கிடையாது. இல்லத்தின் வேலைக்காகக் கைப்பணம் செலவழித்திருந்தால் அதை மட்டும் ரசீது காட்டித் திரும்பப் பெறலாம்.

குழு அமையும் முறை எண்ணிப் பார்க்கத்தக்கது. சிலர் தாம் வகிக்கும் பதவியின் காரணமாகவே உறுப்பினராவர். ஊர்த் தேவாலயத்தின் போதகர் இதற்கு எடுத்துக்காட்டு. சிலரை உள்ளூராட்சி மன்றம் நியமிக்கும். மற்றவர்களைக் குழுவே தேர்ந்து சேர்த்துக்கொள்ளும். இவ்வாறு ஒரு குடும்பமோ ஒரு தெருவோ குழுவைக் கைப்பற்ற இயலாதபடி பல வாசல்கள் வைக்கப்படுகின்றன. பல இல்லங்களில் உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று, நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள். கடிதப் போக்குவரத்தையும் கணக்கையும் கவனிக்கப் பகுதிநேர எழுத்தர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதுண்டு. அவர் குழுவின் ஊழியர், எசமானர் அல்லர்.

அங்கே தங்குவோர் வாடகைதாரர்கள் அல்லர், தர்மத்தின் பயனாளிகள். தேவை, வயது, உள்ளூரில் வாழ்ந்த காலம் போன்ற தகுதிகளை அறக்கட்டளையின் ஆவணமே வரையறுக்கிறது. உள்ளே வருபவருக்கு ஓர் எழுத்து நியமனம் தரப்படுகிறது. இயன்றவர்கள் பராமரிப்புக்கென வாரந்தோறும் ஒரு சிறு பங்கைச் செலுத்துகின்றனர். அத்தொகையில் ஒரு பகுதி, என்றோ வரப்போகும் கூரை வேலைக்கும் சுவர் வேலைக்கும் எனத் தனியே ஒதுக்கி வைக்கப்படுகிறது. முதலீடாக எழுதி வைக்கப்பட்ட சொத்தைத் தொடாமல், அதன் வருமானத்தை மட்டுமே செலவிடுவது அடிப்படை விதி.

ஓர் உறுப்பினரின் தம்பி கட்டட ஒப்பந்தக்காரராக இருந்து, இல்லத்தின் பழுதுபார்க்கும் வேலைக்கு விலை கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த உறுப்பினர் அதைக் குழுவில் முதலிலேயே வெளிப்படுத்த வேண்டும். அதுபற்றிய முடிவில் பங்கேற்காமல் விலகியிருக்க வேண்டும். அவரை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. அவர் நேர்மையானவர் என்பதை நாளை யாரும் சந்தேகிக்காதிருக்கவே அந்த ஏற்பாடு.

நம் மார்க்கம் காட்டிய வழி

இவற்றைப் படிக்கும்போது, ‘இதெல்லாம் பிறரிடமிருந்து நாம் கற்க வேண்டியவையா?’ என்று உங்கள் உள்ளம் கேட்கலாம். உண்மையில், இவற்றின் வேர் நம்மிடமே இருக்கிறது. வேரை மறந்தவர்கள் நாம்.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலச் சொத்தை நிறுத்திவைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு அண்ணலார் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுரிமையாகவும் பிரிக்கப்படாது என்று உமர் (ரலி) நிபந்தனை வைத்தார்கள். ஏழைகள், உறவினர், அடிமைகளின் விடுதலை, வழிப்போக்கர், விருந்தினர் எனப் பயன்பெறுவோரையும் வரையறுத்தார்கள். அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். ஆனால் அதைக் கொண்டு தமக்குச் சொத்துச் சேர்த்துக்கொள்ளலாகாது என்றும் விதித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான இச்செய்திதான் வக்ஃபுச் சட்டத்தின் அடித்தளம். மூலத்தைத் தொடாமை, பயனாளிகளை வரையறுத்தல், நிர்வாகிக்கு எல்லை வகுத்தல் ஆகிய மூன்றும் ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருப்பதைப் பாருங்கள்.

அந்தச் சொத்தைத் தமக்குப் பின் பராமரிக்கும் பொறுப்பை உமர் (ரலி) யாரிடம் ஒப்படைத்தார்கள் தெரியுமா? தம் மகளாரும் அண்ணலாரின் துணைவியாருமாகிய ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்! இதனை அபூதாவூதில் காணலாம். நம் ஊர் நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டால் வியப்பவர்கள், இந்த வரலாற்றை ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்.

கெய்ரோ மாநகரில் ஹிஜ்ரி 684 (கி.பி. 1285) அளவில், சுல்தான் பைபர்ஸின் மகளார் தத்கார்பாய் காத்தூன், ‘ரிபாத்துல் பக்தாதிய்யா’ என்னும் இல்லத்தைக் கட்டினார். கல்வியும் இறையச்சமும் நிறைந்த ஜைனப் அல்பக்தாதிய்யா என்னும் அம்மையாருக்காக அது எழுப்பப்பட்டது. மணவிலக்குப் பெற்றும் கணவரால் கைவிடப்பட்டும் தவித்த பெண்கள், மறுமணம் ஆகும்வரையிலோ கணவரிடம் திரும்பும்வரையிலோ அங்கே கண்ணியமாகத் தங்கினர். அவர்களுக்கு உபதேசம் செய்து ஒழுங்கைக் காக்கும் பொறுப்பும் ஒரு பெண்மணியிடமே இருந்து வந்தது. வரலாற்றாசிரியர் மக்ரீஸி இதனைப் பதிவு செய்திருக்கிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, ‘இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது’ என்று பிரித்துக் காட்டினார். அவர் தம் பெற்றோரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று அண்ணலார் (ஸல்) வன்மையாகக் கண்டித்தார்கள். பொறுப்பின் காரணமாக வரும் எந்தப் பயனும் பொறுப்பாளருக்கு உரியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

புனித மக்காவில் இரண்டு இல்லங்கள்

ஹஜ்ஜுக்குச் செல்வோர் தங்குவதற்காக நம் இந்திய முஸ்லிம்கள் முற்காலத்தில் மக்காவில் ‘ரிபாத்’ என்னும் தங்குமிடங்களை வக்ஃபு செய்தனர். மலபாரின் தலசேரியைச் சேர்ந்த பெருவணிகர் மாயின்குட்டி கேயி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ‘கேயி ரிபாத்’ அவற்றுள் ஒன்று. 1971ஆம் ஆண்டு ஹரம் ஷரீஃபின் சுற்றுப்புற விரிவாக்கத்துக்காக அது இடிக்கப்பட்டது. இழப்பீடாக 14 இலட்சம் ரியால் வைப்பாகச் செலுத்தப்பட்டது. ஆனால், அதைப் பெற்று மீண்டும் ஓர் இல்லம் எழுப்பும் தகுதி பெற்ற நாளிர், அதாவது நிர்வாகி யார் என்பதில் தகராறு எழுந்தது. குடும்பத்தார் பலரும் உரிமை கோரினர். மனுக்களும் பேச்சுகளும் பல பத்தாண்டுகள் நீண்டன. ஹாஜிகள் தங்க வேண்டிய இடம் காகிதங்களில் தங்கிவிட்டது.

அதே மக்காவில் ஹைதராபாத் நிஜாம்களின் ரிபாத்தும் உண்டு. விரிவாக்கத்தில் அதன் கட்டடங்கள் பல போயின. எனினும், நாளிர் ஒருவரின் பொறுப்பில் எஞ்சிய இடங்கள் பேணப்பட்டு வந்தன. பழைய நிஜாம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து செல்லும் ஹாஜிகளுக்கு இலவசத் தங்குமிடம் தர, விண்ணப்பம் பெற்றுச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் தொடர்ந்தது. வாரிசாக வரும் பொறுப்பாளர் யார், பயன்பெறத் தகுதியுடையவர் யார் என்ற இரண்டும் தெளிவாக இருந்தால் இல்லம் நிலைக்கும். அவை குழம்பினால், பணம் இருந்தும் பயனில்லை.

விளாங்குடியில் ஓர் இல்லம் என்றால்…

இப்போது நம் ஊருக்கு வருவோம். விளாங்குடியில் ஒரு பெரியவர் தம் மனையில் வரிசையாக ஆறு அறைகளும், சாலையை ஒட்டி இரண்டு கடைகளும் கட்டி, ‘ஆதரவற்ற கைம்பெண்களும் முதிய தம்பதியரும் இங்கே தங்கட்டும், கடை வாடகையில் இல்லம் நடக்கட்டும்’ என்று விட்டுச் செல்வதாக எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இல்லம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, எழுத்து. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைத்துச் சாட்சியும் ஏற்படுத்திக்கொள்ளுமாறு திருமறை (2:282) கட்டளையிடும்போது, தலைமுறைகளுக்கான தர்மத்தை வாய்மொழியில் விடுவது எப்படித் தகும்? சர்வே எண், நான்கெல்லை, பட்டா, யாருக்காக இந்த இல்லம், நிர்வாகிகளை யார் எப்படித் தேர்வது, பிணக்கு வந்தால் யார் தீர்ப்பது ஆகிய யாவும் பதிவு செய்த பத்திரத்தில் இருக்க வேண்டும். மூலப்பத்திரம் ஒருவர் வீட்டு அலமாரியில் அன்றி வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கட்டும். நகல்கள் குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும்.

இரண்டாவது, குழு. ஏழு பேர் போதும். ஜமாஅத் தலைவர் பதவி வழியாக ஒருவர். நன்கொடையாளரின் குடும்பத்திலிருந்து ஒருவர். மற்றவர்கள் கணக்கு, கட்டடம், மருத்துவம், சட்டம் அறிந்தவர்களாகத் தேர்ந்தெடுக்கப்படட்டும். தங்குவோரில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கையில், குழுவில் இரண்டு பெண்களேனும் இருப்பது அவசியம். ஒரு மூதாட்டி தம் நோயையும் குறையையும் ஆண்கள் மட்டுமே நிறைந்த அவையில் எப்படி வாய்திறந்து சொல்வார்? பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். ஒரே நேரத்தில் அனைவரும் மாறாமல், ஆண்டுக்கு இருவர் மூவராக மாறும்படி அமைத்தால் பழைய அனுபவமும் தொடரும், புதிய கண்களும் வரும்.

மூன்றாவது, அறை ஒதுக்கீடு. தகுதியை எழுதி ஒட்டி வையுங்கள். விண்ணப்பத்தைப் பெற்று, குழுவில் இருவர் நேரில் சென்று நிலையறிந்து வரட்டும். உறுப்பினரின் உறவினர் விண்ணப்பித்திருந்தால் அந்த உறுப்பினர் முடிவில் கலந்துகொள்ளக் கூடாது. ஒருவரை வெளியேற்றும் நிலை வந்தால், காரணத்தை எழுத்தில் தந்து, அவர் தரப்பையும் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். இல்லையெனில், ஒரு நிர்வாகியின் கோபமே ஓர் ஏழையைத் தெருவில் நிறுத்திவிடும்.

நான்காவது, பணம். கடைகளிலிருந்து மாதம் 10,000 ரூபாய் வருகிறது என்றால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். சொத்துவரி, தண்ணீர், மின்சாரம், வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுது ஆகியவற்றுக்கு 40,000. தங்குவோரின் மருந்துக்கும் பெருநாள் உதவிக்கும் 40,000. பெரிய பழுதுக்கான ஒதுக்கீடு 30,000. அவசரத்துக்குக் கையிருப்பு 10,000 என்று பகுத்துக்கொள்ளலாம். ஒதுக்கீடு பத்தாண்டில் மூன்று இலட்சமாகும். தளம் ஒழுகும் நாளில் உண்டியல் ஏந்தாமல் வேலை நடக்கும். ‘பணம் சும்மாதானே கிடக்கிறது, வேறு நல்ல காரியத்துக்கு எடுத்தால் என்ன?’ என்று கேட்பவர்கள் நிச்சயம் வருவார்கள். வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மார்க்கக் கட்டளையைப் போல மதிக்க வேண்டும் என்பது சட்ட அறிஞர்களின் விதி. பள்ளிவாசலுக்கு விரிப்பு வாங்குவதும் நல்ல காரியமே; அதற்குக் கைம்பெண்களின் கூரைப் பணத்தை எடுப்பது நல்ல காரியமன்று.

வரவுக்கு ரசீது, செலவுக்குச் சீட்டு, வட்டியில்லா நடப்புக் கணக்கு, காசோலைக்கு இருவர் கையெழுத்து ஆகிய நான்கும் இருந்தாலே பாதிச் சச்சரவு தீரும். கடைகளின் வாடகையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்கம்பக்கத்து நிலவரப்படி திருத்துங்கள். உறுப்பினரோ அவர் குடும்பத்தாரோ அக்கடைகளை எடுக்க இடங்கொடாதீர்கள். ஆண்டுக் கணக்கை வெளியார் ஒருவர் சரிபார்த்த பின், பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ஐந்தாவது, கூட்டம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் குழு கூட வேண்டும். ஏழு பேரில் நால்வர் இன்றி முடிவு கூடாது. முடிவுகளை நடவடிக்கைக் குறிப்பேட்டில் அன்றே எழுதிக் கையொப்பமிட வேண்டும்; மாறுபட்ட கருத்துச் சொன்னவரின் கருத்தும் பதிவாக வேண்டும். மஷூரா என்பது தலைவர் சொன்னதற்குத் தலையாட்டுவது அன்று.

இவையனைத்துக்கும் மேலாக ஒன்றுண்டு. அங்கே தங்குவோர் நம் விருந்தாளிகள். அவர்களுக்கு அரிசி கொடுப்பதைப் படம்பிடித்து ஊரெங்கும் காட்டாதீர்கள். அறைக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி பெறுங்கள். இயன்றவரிடம் சிறு பராமரிப்புப் பங்கைப் பெறுவதில் தவறில்லை. அது அவருடைய தன்மானத்தையும் காக்கும். இயலாதவரிடம் கேட்காதீர்கள்.

சட்டம் சொல்வது

1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம் 2013இலும் 2025இலும் முக்கியமான திருத்தங்களைப் பெற்றது. வக்ஃபுச் சொத்தை விற்பதும் அன்பளிப்பாகத் தருவதும் அடமானம் வைப்பதும் செல்லாது என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இறுக்கியது. முத்தவல்லி ஆண்டுதோறும் மார்ச் 31 வரையிலான கணக்கை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வுக்கு இடம் தர வேண்டும். அரசுக்குச் சேர வேண்டிய வரிகளைச் செலுத்த வேண்டும். 2025ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃபு ஏற்படுத்த இயலாது. வக்ஃபுச் சொத்தை ஆக்கிரமித்த குற்றத்துக்கு ஆளானவரும், நிர்வாகச் சீர்கேட்டால் முன்பு நீக்கப்பட்டவரும் முத்தவல்லியாக இருக்கத் தகுதியற்றவர் என்றும் அத்திருத்தம் கூறுகிறது.

2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பல பிரிவுகளைக் குறித்து நம் சமுதாயத்தில் ஆழ்ந்த கவலை எழுந்தது. வழக்குகளும் தொடுக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுள் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. எனவே, புதிதாக இல்லம் ஏற்படுத்த விரும்புவோர், வக்ஃபாகச் செய்வதா பொது அறக்கட்டளையாகப் பதிவு செய்வதா என்பதைத் தகுந்த ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கலந்து முடிவு செய்வது நல்லது. ஆனால், ஒன்றை மறவாதீர்கள். நம் உரிமைக்காக நாம் வாதாடும்போது நம் கையில் இருக்க வேண்டிய முதல் ஆயுதம், ஒழுங்கான ஆவணமும் ஒழுங்கான கணக்குமே. கணக்குச் சரியாக உள்ள இல்லத்தின் மீது எவரும் எளிதில் விரல் நீட்ட இயலாது.

பொறுப்பேற்க முன்வாருங்கள்

பொறுப்புக்குத் தகுதியானவர் யார்? வலிமையும் நம்பகமும் வாய்ந்தவரே வேலைக்குச் சிறந்தவர் என்ற கருத்தைத் திருமறை (28:26) கூறுகிறது. நபி யூசுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்ற இரண்டு தகுதிகளை எடுத்துரைத்தார்கள் (12:55). நாமோ நம்பகத்தை மட்டும் பார்த்து, திறமையை மறந்துவிடுகிறோம். அல்லது செல்வாக்கைப் பார்த்து இரண்டையும் மறந்துவிடுகிறோம். அனாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைக்கும்போதுகூடச் சாட்சிகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறது இறைவேதம் (4:6). நல்லவரிடமும் சாட்சி கேட்கப்படுகிறது. அதனால் அவருடைய கண்ணியம் குறைந்துவிடவில்லை, காக்கப்படுகிறது.

ஆகவே, கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணாதீர்கள். உங்கள் மீது நம்பிக்கை இல்லாமல் அவர் கேட்கவில்லை. உங்களுக்குப் பின் வருபவர் உங்களைப் போல் இருப்பார் என்று அவருக்குத் தெரியாது. கேட்கும் வழக்கத்தை நல்லவர் காலத்திலேயே ஏற்படுத்தினால்தான், தீயவர் காலத்தில் அது துணைநிற்கும்.

உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு தர்ம இல்லமோ, முஸாஃபிர்கானாவோ, வக்ஃபுக் கடையோ இருக்கலாம். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளைச் சந்தித்து, பத்திரம் எங்கே உள்ளது, கடைசிக் கூட்டம் என்று நடந்தது, கணக்கு எங்கே ஒட்டப்பட்டுள்ளது என்ற மூன்று கேள்விகளைப் பணிவுடன் கேளுங்கள். விடை கிடைத்தால் அவர்களுக்காக துஆ செய்யுங்கள். கிடைக்காவிட்டால், குறை கூறிவிட்டு வந்துவிடாமல், மாதத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி நீங்களே ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.